கிருமிக்கு நிறம் தெரியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். என் மகள் பல் மருத்துவம் முடித்துவிட்டு, அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்நாட்டுக் கறுப்பின மக்களிடையே எச்ஐவி ஏன் அதிகமாக இருக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அவளுடைய தலைப்பு. எச்ஐவி ஒழுக்கம் சம்பந்தப்பட்டது, ஒழுங்காக இருப்பவர்களுக்கு வராது என்றுதான் நான் நினைத்திருக்கிறேன். கிருமிக்கு நிறம் தெரியுமா? இதில் இனப் பாகுபாட்டை எதற்காக நுழைக்கிறார்கள்? தொற்று உள்ளவர்களோடு பழகுவதால் அவளுக்கு ஆபத்து உண்டா? வரன் பார்க்கிறோம். என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் "ஏதோ தொற்றுநோய்" என்று மழுப்பிவிடுகிறேன். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா, அல்லது தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள ஐயா,

சுலபமான கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மகளுக்கு ஆபத்து எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்து பேட்டி எடுப்பதாலோ, கைகுலுக்குவதாலோ, அவர்கள் வீட்டில் காபி குடிப்பதாலோ எச்ஐவி வராது. இது 1980-களிலேயே தெரிந்துபோன செய்தி. பிறகு தெரியவந்தது இதைவிடப் பெரிது. தொற்று உள்ளவர் மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்துவந்தால், உடலுறவின் வழியாகக்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை. உங்கள் மகளின் பொழுது பெரும்பாலும் கணினித் திரையில் எண்களோடுதான் கழியும். கண்ணையும் முதுகையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது, கிருமிக்கு நிறம் தெரியுமா என்ற கேள்வி. நீங்கள் குத்தலாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மகளின் ஆராய்ச்சி தொடங்குவதே அங்கேதான். தெரியாது. அப்படியானால் கணக்கு ஏன் இப்படி வருகிறது?

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி என்பார்கள், தலைமையகம் அட்லாண்டாவில்தான் இருக்கிறது) 2016-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. அன்றிருந்த வேகத்திலேயே தொற்று பரவிக்கொண்டிருந்தால் வாழ்நாளில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 99 பேரில் ஒருவருக்கு. தன்பாலீர்ப்பு கொண்ட வெள்ளையின ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 11 பேரில் ஒருவருக்கு. அதே ஈர்ப்பு கொண்ட கறுப்பின ஆண்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு! பெண்களிலும் இதே சாய்வுதான். மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதமாக இருக்கும் கறுப்பின மக்களிடம்தான் 2022-இல் ஏற்பட்ட புதிய தொற்றுகளில் 37 சதவீதம் என்று அதே மையம் மதிப்பிட்டது.

"அவர்கள் நடத்தை அப்படி" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வந்த விளக்கம். உங்கள் மனத்தில் இருப்பதும் அதுவே. ஒளிக்க வேண்டியதில்லை. நிபுணர்கள் பலருக்கும் அந்த ஐயம் இருந்தது, அதனால்தான் சோதித்துப் பார்த்தார்கள். சிடிசியில் பணியாற்றிய கிரெகரி மில்லெட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின ஆண்களிடையே தொற்று ஏன் அதிகம் என்பதற்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களைப் பன்னிரண்டு ஊகங்களாகத் தொகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கிறதா என்று தேடி 2006-இல் வெளியிட்டார்கள். 2012-இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என மூன்று நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து 'லான்செட்' மருத்துவ இதழில் இன்னும் விரிவாக எழுதினார்கள்.

நடத்தை என்ற ஊகம் நிற்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஆணுறையைத் தவிர்க்கவில்லை. துணைகளின் எண்ணிக்கையும் அதிகமில்லை, பல ஆய்வுகளில் குறைவாகவே இருந்தது. போதைப்பழக்கமும் அப்படியே. வேறுபட்டவை எவை தெரியுமா? வருமானம், காப்பீடு, சிறை அனுபவம், தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் இருப்பது, தெரிந்த பிறகும் சிகிச்சை கைக்கு எட்டாமல் இருப்பது.

நடத்தை ஒன்றாக இருக்கும்போது விளைவு எப்படி வேறாகும்? நீங்கள் கணித ஆசிரியர், கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இரண்டு இளைஞர்கள், ஆளுக்கு நான்கு துணைகள். ஒருவன் வாழும் வட்டத்தில் நூற்றில் இரண்டு பேருக்குச் சிகிச்சை பெறாத தொற்று இருக்கிறது. மற்றவன் வட்டத்தில் நூற்றில் இருபது பேருக்கு. தொற்றுள்ள ஒருவரையாவது சந்திக்கும் வாய்ப்பு முதலாமவனுக்கு 1-இலிருந்து 0.98-இன் நான்காம் படியைக் கழித்தால் வருவது, ஏறத்தாழ 8 சதவீதம். இரண்டாமவனுக்கு 0.80-இன் நான்காம் படியைக் கழிக்க வேண்டும். 59 சதவீதம் வருகிறது. முதலாமவன் எட்டுத் துணைகளோடு பழகினாலும் 15 சதவீதத்தைத் தாண்டமாட்டான். இரண்டாமவன் ஒரே ஒருவரோடு பழகினாலே 20.

அந்த வட்டம் ஏன் அப்படி ஆனது என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் மகள் நிச்சயம் படித்திருக்கக்கூடிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். அடோரா அடிமோரா, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர். அவரும் கறுப்பினப் பெண். 2024 தொடக்கத்தில் காலமானார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் கறுப்பினப் பெண்களுக்கு எச்ஐவி எப்படி வருகிறது என்று பல ஆண்டுகள் துருவிக்கொண்டிருந்தவர்.

வட கரோலினாவில் ஆண்-பெண் உறவின் வழியே தொற்று ஏற்பட்ட கறுப்பின மக்களையும், அதே மாநிலத்தில் தொற்று இல்லாதவர்களையும் அவருடைய குழு பேட்டி கண்டது. தொற்று ஏற்பட்டவர்களில் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்கள், ஆபத்தானது என்று நாம் பட்டியலிடும் எதையும் செய்திருக்கவில்லை, அப்படிப்பட்ட துணையும் இருந்ததாகத் தெரியவில்லை. உங்கள் அளவுகோலில் "ஒழுங்காக இருந்தவர்கள்". இவர்களைத் தொற்று இல்லாதவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை மூன்று. பள்ளிப் படிப்பை முடிக்காதது. துணைக்கு வேறு உறவு இருந்தது. மூன்றாவதைப் படித்தபோது நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன்: அண்மையில், வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போதுமா என்று கவலைப்பட்டிருந்தது. எச்ஐவி ஆய்வில் வந்து நிற்கிறது சாப்பாட்டுக் கவலை. அடுத்த வேளை உணவுக்கும் வீட்டு வாடகைக்கும் ஒருவனை நம்பியிருக்கும் பெண், அவன் எங்கே போய்வருகிறான் என்று எந்தத் தைரியத்தில் கேட்பாள்? ஆணுறை போடு என்று எப்படி வற்புறுத்துவாள்? இது எனக்கு மிகப் பழகிய கதையாகத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும் என்று நினைக்கிறேன்.

அடிமோரா இன்னும் ஒரு படி பின்னால் போனார். கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிறைக்குப் போகிறார்கள். இளவயதிலேயே இறப்பதும் அதிகம். ஆகவே ஓர் ஊரில் மணவயதுப் பெண்கள் நிறைய, ஆண்கள் குறைவு. கணவன் சிறைக்குப் போனால் ஏற்கெனவே இருந்த உறவு அறுகிறது, வெளியே இருப்பவர் வேறு துணை தேடுகிறார். அவன் திரும்பி வரும்போது உறவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. ஒன்று முடிந்து ஒன்று தொடங்கும் உறவுகளைவிட, ஒரே காலத்தில் நடக்கும் உறவுகளில் கிருமி மிக வேகமாகப் பரவும். இனம் பிரிந்து வாழும் ஊர்களில் துணையும் பெரும்பாலும் அதே இனத்திலேயே அமைவதால், நுழைந்த தொற்று அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறைக் கொள்கை, வேலையின்மை, வீட்டு வசதி எல்லாமே எச்ஐவியின் காரணங்கள்தாம் என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான்.

நிறத்துக்கும் இரத்தத்துக்கும் இதில் தொடர்பே இல்லை என்பதற்கு இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர். ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூடப் புதிதாக எச்ஐவி கண்டறியப்படாத இடம். எச்ஐவி பரிசோதனை செய்துவந்த மருத்துவகம் ஒன்று 2013-இல் மூடப்பட்டது. வேலை இல்லை, வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியிருந்தது, சுத்தமான ஊசி கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2015-இல், சுமார் நாலாயிரம் பேர் வசிக்கும் ஆஸ்டின் என்ற சிற்றூரை மையமாக வைத்து ஏறத்தாழ இருநூறு பேருக்குத் தொற்று பரவிவிட்டது. பிறகுதான் அவசர அவசரமாக ஊசி மாற்றும் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள்.

இனித் தடுப்பு. எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரை 2012 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொற்று இல்லாதவர் தினமும் ஒன்று விழுங்க வேண்டும். பிரெப் என்பது வழக்குப் பெயர். ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் தடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி 2021-இலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி 2025 ஜூனிலும் வந்துவிட்டன. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. அது யார் கைக்குப் போனது? 2022-இல் தேவைப்பட்ட வெள்ளையரில் 94 சதவீதம் பேருக்கு இந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது என்று சிடிசி கணக்கிட்டது. லத்தீன் வம்சாவளியினரில் 24. கறுப்பின மக்களில் 13. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

காரணங்களில் பெரியது காப்பீடு. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிசிசிப்பி, அலபாமா, டெக்சாஸ், புளோரிடா போன்ற தென்மாநிலங்கள் விரிவாக்கவே இல்லை. கறுப்பின மக்கள் அதிகம் வாழ்வதும், நாட்டின் புதிய எச்ஐவி தொற்றுகளில் ஏறத்தாழ பாதி ஏற்படுவதும் அந்தத் தென்பகுதியில்தான். இன்னொரு கூத்தையும் கேளுங்கள். தொற்று வந்துவிட்ட ஏழைக்கு ரயன் வைட் திட்டம் என்ற அரசுத் திட்டம் மருந்துக்கு வழிசெய்யும். எச்ஐவி காரணமாகப் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்டு, 1990-இல் 18 வயதில் இறந்த இண்டியானா சிறுவனின் பெயரால் அமைந்தது அது. அந்தப் பணத்தில் தொற்று வராதவருக்குத் தடுப்பு மாத்திரை வாங்கித் தர விதிமுறை அனுமதிப்பதில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது ஏற்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக்காகத் தென்மாநிலம் ஒன்றின் சிறு நகரத்தில் சில வாரங்கள் இருந்தேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண் ஒருவர் மருத்துவகத்துக்கு வந்தார். இரவு வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, தூங்காமல் வந்திருந்தார். மாத்திரை வேண்டும் என்று அவரே கேட்டார். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகப் பரிசோதனை செய்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது மாத்திரை வாங்கவில்லை என்று தெரிந்தது. மருந்துக்கடை வரிசையில் நின்றிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எச்ஐவிக்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே, உங்களுக்கா?" என்று உரக்கக் கேட்டிருக்கிறார். பின்னால் நின்றவர் இவர் போகும் தேவாலயத்தைச் சேர்ந்தவர். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எங்கள் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே "மருந்து எடுக்க விருப்பமில்லை" என்று எழுதியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் உடனே 'டஸ்கிகீ' என்று சொல்வது அங்கே வழக்கம். உங்கள் மகளும் சொல்லியிருப்பார். அலபாமாவில் அந்தப் பெயருள்ள ஊரில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. 1940-களின் பிற்பகுதியிலேயே பென்சிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியும் கொடுக்கவில்லை. 1997-இல்தான் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொடுமையை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "அவர்களுக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கையில்லை, பழைய கதை" என்று சொல்லிவிட்டால் இன்றைய டாக்டருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் சீட்டைப் பைக்குள் வைத்ததற்கு 1932 காரணமில்லை, முந்தைய வாரத்து மருந்துக்கடை.

டாக்டர்கள் பக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மருத்துவ மாணவர்களிடம் ஒரு கற்பனை நோயாளியின் குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த குறிப்பில் அவர் வெள்ளையர், சிலருக்கு கறுப்பினத்தவர். மற்ற விவரமெல்லாம் ஒன்றே. கறுப்பினத்தவராக இருந்தபோது, "இவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தால் பாதுகாப்பில்லாத உறவு கூடிவிடும்" என்று மாணவர்கள் அதிகமாக நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் மருந்து எழுதத் தயங்கினார்கள். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். உங்களைப் போலவும், ஒரு காலத்தில் என்னைப் போலவும், ஒழுக்கத்தை அளந்துவிட்டு மருந்தைத் தொட்டவர்கள்.

ஒரு காலத்தில் என்னைப் போலவும் என்றது பேச்சுக்காக இல்லை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் பரிசோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அப்போது ஊரே அந்தப் பெண்களைத்தான் கை காட்டியது. அவர்களிடம் போய்வந்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த வார்டில், கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத ஒரு பெண்ணிடம் "உனக்கு எப்படி வந்தது?" என்று நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், அமெரிக்காவில் இப்போது நேரம் சரியில்லை. 2025-இல் அங்கே மருத்துவ ஆய்வுக்கு அரசு தந்துவந்த நிதியில், இன ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கு உரியது பாதியில் நிறுத்தப்பட்டது. வழக்குகள் நடந்தன. சிடிசியின் எச்ஐவி தடுப்புப் பிரிவிலும் ஆட்குறைப்பு நடந்தது. அதற்காகத் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள், வழிகாட்டும் பேராசிரியரின் நிதி எங்கிருந்து வருகிறது, எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். புள்ளியியலை அழுத்தமாகக் கற்றுக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு காசநோய்க்கும் நீரிழிவுக்கும் அப்படியே பொருந்தும். திரும்பி வர நினைத்தால் சென்னை அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் அமைப்பும் சென்னையில் எச்ஐவி ஆராய்ச்சி செய்கிறது. பல் மருத்துவமும் தெரிந்தவர் என்பது கூடுதல் பலம்: எச்ஐவியின் முதல் அடையாளங்கள் பல நேரங்களில் வாய்க்குள்தான் தெரிகின்றன.

வரன் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. ஆனாலும் மழுப்ப வேண்டாம் என்பேன். "எச்ஐவி தடுப்பு ஆராய்ச்சி" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு போவதைவிட, காபி ஆறுவதற்குள் போவது செலவு குறைவு.

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, மில்லெட்டின் பன்னிரண்டு ஊகங்களில் எத்தனை நின்றன என்று கேளுங்கள். மேலே நான் போட்ட நான்காம் படிக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. துணைகள் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறேன். உண்மையில் அப்படி இருப்பதில்லை. அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.